லண்டன் திரும்புதல்: கடைசி வாரத்திலிருந்து முதல் சம்பளம் வரை

ஆறு மாதமோ ஒரு வருடமோ முதுகுப்பையோடு ஆசியாவைச் சுற்றியவர்கள் அதிகம் தடுமாறுவது ஹீத்ரோவில் இறங்கிய பிறகுதான். கையிருப்பு கரைந்திருக்கும். சொந்த முகவரி இருக்காது. பழைய சிம் செத்துப்போயிருக்கும், அதனால் வங்கியின் ஓடிபி வராது. இதற்கு நடுவே ஒருநாள் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தால், அது லண்டன் குளிரா, லாவோஸ் கொசுவா என்று யோசிக்க ஆளில்லாமல் பாரசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவார்கள்.

பிரிட்டனில் வேலை பார்த்து, நீண்ட விடுப்பு எடுத்தோ வேலையை விட்டோ கிளம்பி, மறுபடி அங்கேயே திரும்பும் தமிழர்களுக்காக இந்த அத்தியாயம். உதாரணங்கள் லண்டனை ஒட்டியவை. இங்கே சொல்லப்படும் ஜிபி, வாடகை நடைமுறைகள் இங்கிலாந்துக்கு உரியவை; ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் மாறும்.

முக்கியமானது வரிசை. முதலில் உடம்பு, அடுத்து முகவரி, அதற்குப் பிறகு வேலை. பெரும்பாலானவர்கள் பதற்றத்தில் வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். முகவரி இல்லாமல் வேலையில் சேர்ந்தால் சம்பளக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், ஜிபி எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு முகவரியில் தொங்கும். பிறகு ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி வாரம்: ஒரு பெரிய நகரத்தில் தங்குங்கள்

மலைக்கிராமத்திலிருந்தோ தீவிலிருந்தோ நேராக விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். படகு ஒருநாள் தாமதமானால் டிக்கெட்டே போய்விடும். கடைசி ஐந்தாறு நாட்களை பாங்காக், கோலாலம்பூர் போன்ற நகரத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால் கோலாலம்பூர்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்தால் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும், கேட்க வேண்டியதைத் தமிழிலேயே கேட்டு முடித்துக்கொள்ளலாம்.

அங்கே செய்ய வேண்டியவை:

1. விசா காலாவதித் தேதியையும் விமானத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தாய்லாந்தில் அனுமதி முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்குத் தேதி ஒன்று கூடிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

2. லாவோஸ் கிப், மியான்மர் கியாட் போன்ற நோட்டுகளை அந்தந்த நாட்டை விட்டு வெளியேறும் முன்பே மாற்றிவிடுங்கள். வெளியே அவற்றை வாங்குவார் அரிது. சில்லறைக் காசை எங்கும் மாற்ற மாட்டார்கள். கடைசி நாள் பேருந்துக்கும் டீக்கும் செலவழித்துவிடுங்கள்.

3. எந்த ஊரில் எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட் முத்திரைகள், விமான டிக்கெட்டுகளின் படத்தை அதோடு சேர்த்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். மருத்துவருக்கும், வேலைக்கு ஆளெடுப்பவருக்கும், ஹோம் ஆபிஸுக்கும் காட்ட வேண்டியது இதே பக்கம்தான். ஞாபகத்தில் எல்லாம் தெளிவாக இருப்பது இந்த வாரம் மட்டுமே.

4. வழியில் நாயோ குரங்கோ கடித்தோ கீறியோ இருந்து ஊசி தொடங்கியிருந்தால், ஊசி அட்டையை பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். மருந்தின் பெயர், தேதி, எத்தனையாவது ஊசி என்பது தெளிவாக இருக்க வேண்டும். கடி வாங்கி இதுவரை ஊசியே போடாதவர்கள் பாங்காக்கில் இருந்தால் செஞ்சிலுவைச் சங்கத்தின் குயின் சாவோவபா நிறுவனத்துக்குப் போகலாம். வெறிநாய்க்கடி சிகிச்சையில் அனுபவம் மிகுந்த இடம் அது.

5. பிரிட்டன் சிம்மில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரீபெய்டு சிம்களைச் சில மாதம் பயன்படுத்தாவிட்டால் எண்ணையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எண் போய்விட்டது என்று தெரிந்தால், வங்கியைத் தொடர்புகொண்டு புதிய எண்ணைப் பதிய என்ன வேண்டும் என்று இப்போதே கேளுங்கள்.

கொண்டுவரக் கூடாதவை

இறைச்சியும் பால் சேர்ந்த பொருட்களும் ஆசிய நாடுகளிலிருந்து பிரிட்டனுக்குள் வரக் கூடாது. பினாங்கில் வாங்கிய இறைச்சி மிட்டாயும் இதில் அடங்கும். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலை கொண்டுவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். பவளம், ஆமை ஓடு, தந்தம் எதையும் தொடாதீர்கள்.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிய டிராமடால், டயசிபாம் போன்றவை பிரிட்டனில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மீதி இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கஞ்சா விஷயத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. தாய்லாந்தில் 2022-க்குப் பிறகு கடைகளில் வெளிப்படையாக விற்றதைப் பார்த்து, அதை ஒரு நினைவுப்பொருளைப் போலக் கொண்டுவர நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனுக்குள் அதைக் கொண்டுவருவது குற்றம். அதிகபட்ச தண்டனை 14 ஆண்டு. வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறினால் சட்டம் இன்னும் கொடியது. ஹாஸ்டலில் பழகியவர் “இந்தப் பையை மட்டும் லண்டன்ல என் தம்பிகிட்ட குடுத்துடுங்க” என்று கேட்டால், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள்.

குடியேற்ற நிலை: நாட்கணக்கைப் பாருங்கள்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மற்றவர்கள் கிளம்பும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் விமானம் ஏறும் முன்னாவது பாருங்கள்.

நிரந்தர வசிப்புரிமை (நம்மவர்கள் பிஆர் என்பது) வைத்திருப்பவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அது பொதுவாக இரத்தாகும். வேலை விசாவில் இருந்து பிஆர் நோக்கிப் போகிறவருக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு வழக்கமான கணக்கு: ஐந்தாண்டில் 450 நாள், கடைசி ஓராண்டில் 90 நாள். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் ஓராண்டில் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், சில விலக்குகள் தவிர, நிறுவனம் ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே அந்த விசாவில் உள்ளவர்களுக்கு நீண்ட பயணத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பிஆர் வரட்டும், காத்திருங்கள்.

பயணத்தில் பாஸ்போர்ட் தொலைந்து தூதரகத்தில் புதியது வாங்கியிருந்தால், ஹோம் ஆபிஸின் இணையக் கணக்கில் புதிய எண்ணைச் சேர்த்த பிறகே விமான நிலையம் போங்கள். விசா இப்போது அட்டையில் இல்லை, அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட் எண்ணோடு இருந்தால் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள்: பை வீட்டுக்குள் வரும் முன்

மாதக்கணக்கில் ஹாஸ்டல் கட்டில்களுக்கு அடியில் கிடந்த பை அது. அதன் தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி இருக்கலாம். அக்கா வீட்டு மெத்தைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், ஒழிக்க ஆகும் செலவும் மனக்கசப்பும் சொல்லி மாளாது. வந்த அசதியில் பையைக் கட்டிலில் போட்டுத் திறப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

1. நாலைந்து பெரிய கறுப்புக் குப்பைப் பைகளை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பையை நேராகக் குளியல் தொட்டிக்குள் வையுங்கள். வெள்ளைப் பீங்கானில் எது ஊர்ந்தாலும் தெரியும், வழவழப்பில் ஏறி வெளியே வரவும் அதனால் முடியாது.

2. துணி அத்தனையையும், துவைத்து மடித்ததையும் சேர்த்து, குப்பைப் பையில் போட்டுக் கட்டி நேராக வாஷிங் மெஷினுக்கு. 60 டிகிரியில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் குறைந்தது 30 நிமிடம்.

3. 60 டிகிரி தாங்காத பட்டு, கம்பளி, செருப்பு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் நான்கு நாள் விடுங்கள்.

4. காலிப் பையின் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிப்புறமாகத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். தையல் ஓரத்தில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள், உரிந்த தோல், அரிசிக்கும் சிறிய வெள்ளை முட்டை ஆகியவைதான் அடையாளம். வாக்குவம் கிளீனரின் ஒல்லி முனையால் மடிப்பு மடிப்பாக உறிஞ்சி, உறிஞ்சிய குப்பையைக் கட்டி வெளித்தொட்டியில் போடுங்கள்.

5. ஷூ அடியில் ஒட்டிய மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவுங்கள்.

இரண்டு மணி நேர வேலை. தூக்கம் கண்ணைக் கட்டும், ஆனாலும் முடித்துவிட்டுப் படுங்கள்.

தூக்கத்தைப் பற்றி: பாங்காக்குக்கும் லண்டனுக்கும் கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் வித்தியாசம். சாயங்காலம் ஆறு மணிக்கே கண் சொருகும், விடிகாலை மூன்றுக்கு முழிப்பு வரும். பிற்பகல் வெளிச்சம் இருக்கும்போது வெளியே நடங்கள், ஒன்பது மணி வரை எப்படியாவது விழித்திருங்கள். ஒரு வாரத்தில் சரியாகும். அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே வந்து இறங்கினால் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி என்ஹெச்எஸ் சொல்கிறது. நம்மைப் போலக் கருத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதுமே யோசிக்கலாம்.

காய்ச்சல் வந்தால்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மலேரியா இருக்கும் பகுதிக்குப் போய்வந்தவருக்குத் திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை மலேரியாவாகவே நினைத்து அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. மலேரியாவில் ஒரு வகை சில நாட்களிலேயே உயிரை எடுக்கக்கூடியது. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, பயணத்தை நீங்களே மறந்த பிறகு கிளம்பும். தாய்லாந்து–மியான்மர் எல்லைக் காடுகள், கம்போடியா, லாவோஸ் காட்டுப் பகுதிகள், இந்தோனேசியாவின் பப்புவா, இந்தியாவின் ஒடிசா, வடகிழக்கு என்று உங்கள் பாதையில் ஏதாவது இருந்ததா என்று கடைசி வாரத்தில் எழுதிய ஊர்ப்பட்டியலில் பாருங்கள்.

செய்ய வேண்டியவை:

1. உடனே 111-ஐ அழையுங்கள். நினைவு குழம்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ 999.

2. முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “நான் ஆசியாவில் மலேரியா உள்ள நாடுகளில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இத்தனாம் தேதி திரும்பினேன். இப்போது காய்ச்சல்.” நீங்கள் சொல்லாவிட்டால் லண்டனில் யாருக்கும் மலேரியா ஞாபகம் வராது, ஃப்ளூ என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

3. முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். ஒட்டுண்ணி முதல் ரத்தத்துளியில் சிக்காமல் போகலாம். அடுத்த ஒன்றிரண்டு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். “எப்போது மறுபடி எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள்.

4. டெங்குவும் இருக்கலாம். அது வழக்கமாகக் கொசு கடித்த இரண்டு வாரத்துக்குள் வரும். அதனால் பரிசோதனை முடியும் வரை ஐப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஊர் வந்துவிட்டோம், இனி எதற்கு என்று மலேரியா தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடுவது. மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் மலரோன் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் தொடர வேண்டும்.

காய்ச்சல் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுப்போக்கு இரண்டு வாரம் தாண்டினால் மலப் பரிசோதனை கேளுங்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி பயணிகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. தெற்கு லாவோஸின் சி பான் தோன் தீவுகளிலோ, அதற்குக் கீழே கம்போடியாவின் கிராச்சே பக்கமோ மேகாங்கில் குளித்திருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஜிபியிடம் சொல்லுங்கள். அங்கே நத்தை வழியாகத் தோலுக்குள் புகும் ஒரு புழு உண்டு; ரத்தப் பரிசோதனையில் அது தெரிய, நீரில் இறங்கியதிலிருந்து சுமார் 12 வாரம் ஆகும், எனவே தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நாய், குரங்கு, வௌவால் கடித்தோ கீறியோ இருந்து ஊசியை முடிக்கவில்லை என்றால், காயம் ஆறியிருந்தாலும் ஜிபியை அன்றே அழைத்துச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் எத்தனை வாரம் கழித்தும் ஊசி போடலாம்.

இதற்கெல்லாம் ஜிபி பதிவு வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் பழைய ஜிபி உங்கள் பெயரை எடுத்திருக்கலாம். இறங்கிய வாரமே, தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி பதியுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று இங்கிலாந்தில் பதிவை மறுக்கக் கூடாது. வரவேற்பில் இருப்பவர் கேட்டாலும் பொறுமையாக இதைச் சொல்லுங்கள்.

முகவரி

பெரும்பாலானவர்கள் முதலில் தங்குவது உறவினர் வீட்டில். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ அக்கா, சித்தப்பா என்று யாராவது இருப்பார்கள். அந்த அன்பை நீளமாக இழுக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள்.

“எத்தனை நாள் வேணும்னாலும் இருடா, உன்னைப் போன்னு யார் சொன்னா?”

“இல்லக்கா, ஆறு வாரம். பிப்ரவரி முடியறதுக்குள்ள ரூம் பார்த்துடுவேன். அதுவரைக்கும் வாராவாரம் மளிகை என்னோடது.”

பணமாகக் கொடுத்தால் அக்கா வாங்க மாட்டார். தமிழ்க்கடையில் வாராந்திர சாமானை நீங்களே வாங்கி வந்து இறக்கினால் பேச்சே எழாது. இன்னொன்றும் கவனியுங்கள். வீட்டில் ஒரே பெரியவர் இருப்பதால் அவர் கவுன்சில் டாக்ஸில் 25 சதவீதத் தள்ளுபடி பெற்றுவந்தால், நீங்கள் அங்கேயே குடியிருக்கத் தொடங்கும்போது அது போய்விடும். முன்கூட்டியே பேசி அந்த வித்தியாசத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முகவரி கிடைத்ததும் இந்த வரிசையில் நகருங்கள்:

1. வங்கி. பழைய கணக்கு செயலற்றுப் போயிருந்தால் பாஸ்போர்ட்டோடு கிளைக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

2. வாக்காளர் பட்டியல். இந்தியா, இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் உள்ளவர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற வகையில், பிரிட்டனில் தங்கும் அனுமதி இருந்தால், பதியலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது. வீடு எடுக்கும்போதும் கார்டு கேட்கும்போதும் கடன் வரலாற்று நிறுவனங்கள் முகவரியை உறுதிசெய்யப் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான்.

3. ஓட்டுநர் உரிமம். முகவரியை மாற்றாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

4. கார். சாலையில் ஓட்டவில்லை என்று அறிவித்து நிறுத்தியிருந்தால், காப்பீடு, எம்ஓடி, வாகன வரி மூன்றும் முடியும் வரை எடுக்காதீர்கள். காப்பீட்டோடு, முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்கு ஓட்டிப் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

அறை தேடும்போது: செப்டம்பரில் மாணவர்கள் குவிவதால் லண்டனில் அறை கிடைப்பது கடினம். ஜனவரி சற்று எளிது, வேலைக்கு ஆளெடுப்பதும் அப்போது சுறுசுறுப்பாக இருக்கும். திரும்பும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜனவரி முதல் வாரம் என்பேன். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு ஏஜென்சி வழியாகத் தனி ஃபிளாட் கிடைப்பது அரிது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டில் ஒரு அறை எடுத்து, மூன்று மாதச் சம்பளச் சீட்டு சேர்ந்த பிறகு ஃபிளாட் பாருங்கள். எவ்வளவு குறைந்த வாடகை என்றாலும், நேரில் போய்க் கதவைத் திறந்து பார்க்காத அறைக்கு ஒரு பென்னிகூட அனுப்பாதீர்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 900 பவுண்டு அறை. முதல் மாத வாடகை 900. வாடகை ஒப்பந்தத்தில் டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வார வாடகை, அதாவது சுமார் 1,038. சாவி வாங்கவே 1,938 பவுண்டு. பிரிட்டனில் சம்பளம் மாதக் கடைசியில்தான். மாதத்தின் பின்பாதியில் வேலையில் சேர்ந்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் முடிந்திருக்கும், அடுத்த மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ஆக இன்னும் இரண்டு மாத வாடகை, சாப்பாடு, ஆய்ஸ்டர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 5,000 பவுண்டுக்குக் குறைந்து திரும்புவது ஆபத்து. பயணத்தில் கையிருப்பு அந்த எண்ணைத் தொடும் நாளில் டிக்கெட் போட்டுவிடுங்கள், இன்னும் எந்தத் தீவு பாக்கி இருந்தாலும்.

யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தம்

“எப்படி இருந்துச்சு ட்ரிப்?” என்று கேட்பார்கள். நீங்கள் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் பேச்சு வீட்டுக் கடன் வட்டிக்குப் போய்விடும். குடும்ப விசேஷத்தில் கல்யாணம் எப்போது, வீடு எப்போது என்று ஆரம்பிக்கும். அவர்களுக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பதற்கு எதைப் பிடித்துத் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இருபது படத்தை அச்சடித்து ஒரு உறையில் வையுங்கள். செல்போனில் ஆயிரம் படம் நகர்த்துவதைவிட, ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் கேள்வி தானாக வரும்.

முதல் ஆறு வாரத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். வேலையை விட்டுவிட்டு ஹோய் ஆனில் கடை போடுவது, உறவை முறிப்பது, மறுபடி டிக்கெட் எடுப்பது எல்லாம் காத்திருக்கட்டும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டும் ஊரில், தூக்கம் சீராகாத உடம்போடு எடுக்கும் முடிவுகள் அவை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், படுக்கையை விட்டு எழவே பாரமாக இருந்தால் ஜிபியிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஜிபி கடிதம் இல்லாமலேயே என்ஹெச்எஸ் பேச்சு சிகிச்சைக்கு நீங்களே பதியவும் முடியும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 111-ஐ அழைத்து மனநல உதவி கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

வேலை

பயோடேட்டாவில் இடைவெளியை மறைக்காதீர்கள். மறைத்த இடைவெளிதான் சந்தேகம் தரும். ஒரே வரி போதும்: “மார்ச் முதல் டிசம்பர் வரை: திட்டமிட்ட பணி இடைவெளி, தென்கிழக்கு ஆசியப் பயணம்.” நேர்காணலில் கேட்டால் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதல் வாக்கியம் பயணம் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், இரண்டாவது இந்த வேலை ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மறுபடி ஓடிவிடுவாரோ என்பது மட்டும்தான் எதிரே இருப்பவரின் பயம். பயணம் எனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தது என்ற பேச்சை அவர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள்.

விமான நிலைய வேலைக்கு ஐந்தாண்டு வரலாறு கேட்பார்கள்; 28 நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இடைவெளிக்கும் சான்று வேண்டும். அரசுத் துறை வேலைகளில், ஒரே வெளிநாட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தால் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றிதழ் கேட்க வாய்ப்புண்டு. அதை அந்த நாட்டில் இருக்கும்போதே வாங்குவது எத்தனையோ எளிது. கடைசி வாரத்தில் எழுதி வைத்த ஊர்ப்பட்டியலையும் முத்திரைப் படங்களையும் இங்கே நீட்டுங்கள்.

வரி

பழைய வேலையின் பி45 சீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். தொலைந்திருந்தால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தை நிரப்புங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அவசர வரிக் குறியீட்டில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். முதல் சம்பளச் சீட்டில் குறியீட்டின் வாலில் டபிள்யூ1, எம்1, எக்ஸ் என்று இருந்தால் அதுதான் அடையாளம். வரித்துறையின் இணையக் கணக்கில் திருத்தச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வர வேண்டிய பணமும் இருக்கலாம். வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. செப்டம்பரில் வேலையை விட்டிருந்தால், ஆண்டு முழுவதுக்குமான 12,570 பவுண்டு வரிவிலக்கில் பாதியைத்தான் உங்கள் சம்பளத்தில் கழித்திருப்பார்கள். மீதிக்கான வரி திரும்ப வர வேண்டும். அந்த வரியாண்டு முடியும் வரை வேலை கிடைக்காது என்று தெரிந்தால் பி50 படிவத்தில் முன்னதாகவே கேட்கலாம்.

கடைசியாக, அதே இணையக் கணக்கில் நேஷனல் இன்ஷூரன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முழு அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். பயணம் போன ஆண்டு ‘முழுமை இல்லை’ என்று காட்டினால் தன்விருப்பத் தொகை கட்டி நிரப்பலாம். வழக்கமாகக் கடந்த ஆறு ஆண்டுக்கு அனுமதி உண்டு. முதல் சம்பளத்திலேயே கட்டத் தேவையில்லை. ஓய்வு பெற உங்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள்; 35-ஐ எளிதில் தாண்டுவீர்கள் என்றால் அந்தப் பணத்தை டெபாசிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாண்ட மாட்டீர்கள் என்றால், ஆறு ஆண்டு முடியும் ஏப்ரல் 5-ஐக் குறித்துக்கொண்டு அதற்குள் கட்டிவிடுங்கள்.